பின் சீட்

பூவரசன் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிச் செயினுக்கு ஆயில் விட்டுக்கொண்டிருந்தான். வண்டியின் பின்பாகத்தைத் தூக்கி நிறுத்தும் இரும்பு ஸ்டாண்டில் பைக் நின்றது. டீசல் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்தாயிற்று. இனிமேல் செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவனுடைய மாமியார் மங்கம்மா, கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒயர் கூடை. அதற்குள் போர்வை, பிளாஸ்க், பன் பாக்கெட், ஆஸ்பத்திரி ஃபைல். டயாலிஸிஸ் நாட்களில் அந்தக் கூடையை வேறு யாரும் தொட விடமாட்டாள்.

“போன வாட்டி ஆலப்பாக்கம் தாண்டினதும் டக்கு டக்குன்னு சத்தம் வருதுன்னீங்களே அத்தை, நீங்க சொன்னது சரிதான். செயின் லூசாயிருக்கு. ஹெல்மெட்டுக்குள்ள எனக்குக் கேக்கவே இல்ல.”

“ம்,” என்றாள் மங்கம்மா.

அவன் ஸ்பேனரைப் போட்டு அச்சு நட்டைத் தளர்த்தினான். இரண்டு பக்கமும் கோடு சமமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, செயினை இழுத்து மறுபடி முறுக்கினான். செம்மண்டலத்தின் அந்தச் சிறிய தெருவில் பள்ளிக்கூட வேன்கள் போய் முடிந்திருந்தன. சரண்யாவும் அவள் வேலை பார்க்கும் நர்சரி பள்ளிக்குப் போய்விட்டாள்.

“இன்னைக்கு அந்தச் சத்தம் வராது. வந்தா தோள்ல ஒரு தட்டு தட்டுங்க, ஓரம் கட்டிடறேன்.”

அதற்கு ‘ம்’ வரவில்லை. டயாலிஸிஸ் நாள் காலையில் அவளுக்கு எப்போதுமே அசதிதான். அவன் சோப்புத்தூள் போட்டுக் கையைக் கழுவினான். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி ஸ்டார்ட் செய்தான். இன்ஜின் சத்தம் கேட்டால் அவள் முழித்துக்கொண்டு, கூடையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டுவாள். பூவரசன் கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய கண்ணாடி அது. தூசிக்காகக் கொடுத்தது, அவளுடையதாகவே ஆகிவிட்டது.

கூடை மடியிலிருந்து சரிந்தது. பிளாஸ்க் உருண்டு வாசற்படியில் இடித்து நின்றது. மங்கம்மாவின் கை அதைப் பிடிக்க நீளவில்லை.

“அத்தை,” என்றான். பிறகு இன்னும் சத்தமாக, “அத்தை.”

பக்கத்து வீட்டு ராமாமிர்தம் ஓடி வந்தார். அடுத்த தெருவிலிருந்து டாக்டர் வந்தார். குழாயை மார்பில் வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணை விரித்து டார்ச் அடித்துவிட்டு, “தூக்கத்துல போன மாதிரி போயிருக்காங்க. கஷ்டப்படல,” என்று பூவரசனின் தோளைத் தொட்டார். சரண்யாவின் பள்ளிக்கு ராமாமிர்தம்தான் போன் செய்தார். இத்தனைக்கும் நடுவே வாசலில் பைக்கின் இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. யாரோ கடைசியில் சாவியைத் திருப்பி அணைத்தார்கள்.

*

அந்த வண்டி ஒரு காலத்தில் ஆர் 15 என்று பார்த்ததும் சொல்லக்கூடிய வண்டியாக இருந்தது. நீல நிறம். கொக்கு மாதிரிப் பின்புறம் தூக்கி, முன்புறம் குனிந்த உடம்பு. வாங்கின புதிதில் பூவரசன் அதன் சைலன்சரைக் கழற்றி, தெரு முனையில் திரும்பும்போதே வீட்டுக்குத் தெரிகிற மாதிரி சத்தம் போடும் ஒன்றை மாட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்களோடு பாண்டிச்சேரி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், டீ குடித்துவிட்டுத் திரும்புவான். டீக்காகப் போகிறோம் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

காடாம்புலியூரில் பெண் பார்க்கப் போனதும் அதில்தான். மங்கம்மா அப்போதே கணவனை இழந்தவள். முந்திரித் தோப்பை வைத்துக்கொண்டு மகனையும் மகளையும் படிக்க வைத்தவள். கல்யாணமான பிறகும் மருமகனுக்கு எதிரே அவள் வந்து நின்றதில்லை. அவன் சாப்பிடும்போது சமையலறைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் மட்டும் கேட்கும். சரண்யா நடுவில் நின்று, “அம்மா இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்கச் சொல்றாங்க,” என்பாள். அவனும், “போதும்னு சொல்லு,” என்பான். நாலடி தூரத்துக்குள்தான் இத்தனை பேச்சும்.

போன வருஷம் வெயில் காலத்தில் மங்கம்மாவுக்கு இரண்டு கிட்னியும் ஓய்ந்துவிட்டன. சரண்யா அவளைச் செம்மண்டலத்துக்கே கூட்டிவந்துவிட்டாள். சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வாரத்தில் இரண்டு நாள் டயாலிஸிஸ் செய்ய இடம் கிடைத்தது. பஸ்ஸில் போனால், கடலூர் முதுநகர் தாண்டுவதற்குள் வாந்தி. வாடகைக் கார் வைத்தார்கள். கண்ணாடியை ஏற்றினாலும் வாந்தி, இறக்கினாலும் வாந்தி. சீட்டு வாசனையே ஆகவில்லை.

ஒருநாள் திரும்பி வரும்போது பெரியப்பட்டுக்கு அருகே காரை நிறுத்தச் சொல்லி இறங்கியவள், மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டாள். இனி அதில் ஏறமாட்டேன் என்றாள். இன்வெர்ட்டர் கடையில் வேலை பார்க்கும் பூவரசன், சிதம்பரத்தில் ஒரு வீட்டில் பேட்டரி மாட்டிவிட்டு பைக்கில் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். நிறுத்தினான். மங்கம்மா அவனைப் பார்க்காமல் அவன் வண்டியைப் பார்த்தாள். பிறகு மகளின் காதில் ஏதோ சொன்னாள்.

சரண்யா சங்கடத்தோடு சொன்னாள்: “அம்மா உங்க வண்டியில வரட்டுமான்னு கேக்குறாங்க.”

பின் சீட் அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. மதகுக் கட்டைமேல் ஏறி நின்று, அங்கிருந்து ஒருபக்கமாக உட்கார்ந்தாள். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மருமகனின் தோளைத் தொடுவதற்கு மனசு வரவில்லை. சீட்டின் விளிம்பை இரண்டு கையாலும் கிள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தவள், முதல் வேகத்தடையில் ஒரு அடி எம்பி விழுந்தபோது அவன் தோளைப் பற்றினாள். பற்றியதை வீடு வரும்வரை எடுக்கவில்லை. வாந்தி வரவில்லை.

இறங்கியதும் முதல்முறையாக அவனிடம் நேராகப் பேசினாள். “காத்துப் பட்டா எனக்கு ஒண்ணும் பண்ணல மாப்ள.”

மறுநாளே அவன் மெக்கானிக் செம்பியனின் ஷெட்டில் போய் நின்றான்.

“அண்ணே, பின் சீட்ட எறக்கணும்.”

“எவ்ளோ?”

“எங்க மாமியார் ஏறி ஒக்கார்ற அளவுக்கு.”

செம்பியன் கையிலிருந்த கார்புரேட்டரைக் கீழே வைத்தான். “ரேஸ் வண்டிடா இது. பொண்டாட்டி ஒக்காரவே எடமில்லாம செஞ்சி வச்சிருக்கான் கம்பெனிக்காரன். நீ மாமியாருக்கு சீட்டு கேக்குற.”

கேட்டானே தவிர, செம்பியனுக்கே அதில் ருசி பிடித்துவிட்டது. மேடாக இருந்த சீட்டை எடுத்துவிட்டு, முன் சீட்டோடு சமமாக ஒரே நீள சீட்டு தைத்துப் போட்டான். பஞ்சு இரண்டு அடுக்கு, கீழே கெட்டி, மேலே மெத்து. சேலை சக்கரத்தில் மாட்டாமலிருக்க ஒரு கம்பி வலை. கால் வைக்க அகலமாக ஒரு தகடு. பிடித்துக்கொள்ள வளைத்த பைப். பூவரசன் குனிந்து ஓட்டினால் பின்னால் இருப்பவர் முன்னே சரிவார் என்று, பழைய நூறு சிசி வண்டி ஒன்றின் நிமிர்ந்த ஹேண்டில்பாரைப் போட்டான். அது திரும்பும்போது இடித்ததால் வண்டியின் முன்பக்கத்தை மூடியிருந்த நீலக் கவசத்தில் இரண்டு ஓரத்தையும் அறுக்க வேண்டியதாயிற்று. அறுக்கும்போது மட்டும் பூவரசன் டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டான். சத்தம் போடும் சைலன்சருக்குப் பதில் வண்டியோடு வந்த பழைய சைலன்சரே திரும்ப வந்தது.

சிநேகிதர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். பால் கேன் மாட்ட கொக்கி எங்கே என்று ஒருவன் கேட்டான். சாயங்காலம் மங்கம்மா வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். தகட்டில் கால் வைத்து, யாரையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தாள். தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“இப்பதான் இது வண்டி மாதிரி இருக்குது,” என்றாள்.

*

மதியம் ஃப்ரீசர் பெட்டி வந்தது. பெட்டி வாசலுக்குள் நுழைய வண்டி குறுக்கே நின்றது. பூவரசன் அதைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்வீட்டு வேப்பமர நிழலில் நிறுத்தினான். மங்கம்மாவை உள்ளே கிடத்தி, கண்ணாடி மூடியைப் போட்டு, பிளக்கை மாட்டிய சற்று நேரத்துக்கெல்லாம் கரண்ட் போயிற்று. அந்த வருஷம் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி.

பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். அவன் கடைக்குப் போன் செய்தான். முதலாளி பெரிய இன்வெர்ட்டர் ஒன்றையும் பேட்டரிகளையும் டாட்டா ஏஸில் ஏற்றி அனுப்பினார். பூவரசன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒயரை உரித்து முறுக்கினான். டெர்மினலுக்கு கிரீஸ் தடவினான். இந்த வேலையை எத்தனையோ வீடுகளில் செய்திருக்கிறான். வீட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்று ஃபேன் எத்தனை ஓடும், டிவி ஓடுமா என்று கேட்பார்கள். இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியின் மோட்டார் மறுபடி உறுமியது. கண்ணாடியில் படிந்த பனியைச் சரண்யா முந்தானையால் துடைத்தாள்.

அவன் பேட்டரிக்கு அருகே குந்தி உட்கார்ந்திருந்தபோதுதான் ஓசூரிலிருந்து அன்பரசு வந்து சேர்ந்தான். சரண்யாவுக்கு மூத்தவன். பஸ் பஸ்ஸாக மாறி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெட்டியின்மேல் விழுந்து அழுதான். தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, கேட்டான்.

“எப்ப? எங்க வச்சு?”

“வாசல்லதான் அண்ணா. சிதம்பரம் போறதுக்குக் கெளம்பி ஒக்காந்திருந்தாங்க,” என்றாள் சரண்யா.

“பைக்லயா?”

அன்பரசு திரும்பிப் பூவரசனைப் பார்த்தான்.

“நான் படிச்சிப் படிச்சிச் சொன்னேனே மாப்ள. கார் வைங்க, கார் வைங்கன்னு. அந்த ஒடம்ப பைக்ல வச்சு அம்மாந்தூரம் குலுக்கிக்கிட்டுப் போனா என்னாத்துக்கு ஆவும்? சிதம்பரம் என்னா பக்கத்துத் தெருவா?”

“அண்ணா, அம்மாவுக்குக் கார் ஒத்துக்கல. ஒனக்கே தெரியும்.”

“ஒத்துக்கலன்னா ஒத்துக்க வைக்கணும். மாத்திரை போடு, வண்டிய மாத்து. பெத்தவ சொன்னா அப்படியே விட்டுடறதா?” குரல் உடைந்தது. “போன் பண்ணா போதும், மாப்ள வண்டி, மாப்ள வண்டின்னு... என்கிட்ட வேற எதுவும் பேசல அவுங்க.”

பூவரசன் இன்வெர்ட்டரின் விளக்கைப் பார்த்தபடி இருந்தான். மச்சான் சொன்னதில் பாதியை அவனே காலையிலிருந்து தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். பரங்கிப்பேட்டை முக்கூட்டு ரோட்டில் தெரியாமல் இறக்கிவிட்ட பள்ளம். மழைநாளில் நனைந்துகொண்டு வந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று. ஒவ்வொன்றும் இப்போது உடம்பில் வந்து இடித்தது. டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்றிருந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வாசலில் ஒரு குரல் கேட்டது.

“மங்கம்மா ஊடு இதானே?”

ஒல்லியான, கறுத்த மனிதர். முழங்கைக்கு மேலே பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கையில் ஒரு துணிப்பை. தேவனாம்பட்டினத்து அய்யனார் என்று பூவரசனுக்குத் தெரிந்தது. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். இப்போது அத்தைக்குப் பக்கத்துக் கட்டிலில், அதே நாட்களில் டயாலிஸிஸ்.

“பெட்டு காலியா கெடந்துச்சி. கேட்டதுக்கு நர்ஸம்மா சொல்லிச்சி. பஸ்ஸ உட்டு எறங்கி நேரா வர்றேன். ஊடு தெரியாது. அதோ அந்த வண்டியப் பாத்துதான் கண்டுபிடிச்சேன்.” வேப்பமரத்தடியைக் காட்டினார். “அந்த மாதிரி இன்னொண்ணு இந்த ஜில்லாவுலயே கெடையாது.”

உள்ளே வந்து, பெட்டிக்கு எதிரே கைகூப்பி நின்றார். நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். சரண்யா டீ கொடுத்ததும் டம்ளரில் பாதிதான் வேண்டும் என்று கை காட்டினார். கிட்னிக்காரர்களுக்குத் தண்ணீர் அளவு.

“நாங்கல்லாம் பஸ்ல நசுங்கிப் போயி, நடக்க முடியாம நடந்து வருவோம். இந்தம்மா வந்து எறங்கும் பாரு,” என்று பொதுவாக எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தார். “கண்ணுல கறுப்புக் கண்ணாடி. வாட்ச்மேன் கேட்டத் தொறந்து உடுவான். பெட்டுல படுத்தா அந்த நாலு மணி நேரமும் வண்டிப் பேச்சுதான். எங்களுக்கு மெஷின்ல ரத்தம் சுத்திக்கிட்டு இருக்கும். அது சொல்லும், ‘அய்யனாரு, நமக்கு நடக்கறது ஆயில் சர்வீசு. எங்க மாப்ள வண்டிக்கு மாசக்கணக்குல ஒருவாட்டி, நமக்கு வாரத்துல ரெண்டு வாட்டி. அவ்ளோதான் வித்தியாசம்’னு.”

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி அழுகையோடு சிரித்தாள்.

“ஒருநாளு வந்ததும் வராததுமா, ‘இன்னைக்கு எம்பது’ங்குது. நான் பிரஷர்தான் எம்பதுன்னு நெனைச்சிட்டேன். அய்யய்யோ, இவ்ளோ கொறைஞ்சி போச்சேன்னு நர்ஸக் கூப்புட்டு, அவங்க ஓடியாந்து பட்டையச் சுத்தி... கடைசியில பாத்தா அது வண்டி போன வேகமாம்!”

சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. இழவு வீட்டில் சிரிக்கிறோமே என்று வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தார்கள். சரண்யா மட்டும் சிரிக்காமல் புருஷனைப் பார்த்தாள்.

“எம்பதா?”

பூவரசன் தலையைக் குனிந்துகொண்டான். புதுச்சத்திரம் தாண்டி ரோடு வெறிச்சென்றிருந்த ஒரு காலை. ‘இது இவ்ளோதான் போவுமா மாப்ள?’ என்று பின்னாலிருந்து கேட்டாள். வண்டியைப் பற்றி அப்படி ஒரு கேள்வியை யாரிடமிருந்து கேட்டாலும் அவனால் சும்மா இருக்க முடியாது. கொஞ்ச தூரம்தான். பிறகு, சரண்யாவிடம் சொல்லக்கூடாது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். மாமியாரும் மருமகனும் சேர்ந்து சரண்யாவுக்கு மறைத்த ஒரே விஷயம் அது.

“எம்பதுல போயிருக்கீங்க. எங்கம்மாவ வச்சிக்கிட்டு,” என்றாள் சரண்யா. அவள் குரலில் கோபம் எழுந்து, பாதியில் வேறு ஏதோ ஆகி, அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அன்பரசு எழுந்து வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பூவரசனுக்குத் தெரிந்தது. வேப்பமரத்தடியில் வண்டிக்கு எதிரே அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். தொடவில்லை. யாரோ கூப்பிட்டார்கள், திரும்பி வந்துவிட்டான். அய்யனார் கிளம்பும்போது அவரைப் பஸ் நிறுத்தம்வரை கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனதும் அவன்தான். வழியில் என்ன பேசினார்களோ, திரும்பி வரும்போது அவன் கண்கள் சிவந்திருந்தன.

*

மகள் வீட்டிலிருந்து தூக்குவது முறையில்லை, சொந்த ஊரில்தான் எரிக்க வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மறுநாள் காலை மங்கம்மாவை வேனில் ஏற்றிக் காடாம்புலியூருக்குக் கொண்டுபோனார்கள். வேனுக்குள் அன்பரசும் சரண்யாவும் பெண்களும். இடமில்லாததால் பூவரசன் பைக்கில் பின்னால் வந்தான். வேனின் பின்கதவில் சாமந்தி மாலை காற்றில் அடித்துக்கொண்டு, இதழ் இதழாக ரோட்டில் உதிர்ந்தது. அவற்றின்மேல் ஏற்றாமல் ஓட்ட முடியவில்லை.

பண்ருட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் வெட்டவெளி. போன வருஷக் கடைசியில் அடித்த தானே புயலுக்கு முன்பு இந்த ரோடு இருட்டாக இருக்கும். முந்திரியும் பலாவும் மேலே கைகோத்துக்கொண்டு நிற்கும். ஒரே ராத்திரியில் எல்லாம் வேரோடு சாய்ந்துவிட்டன.

அந்தப் புயல் அடித்து ஓய்ந்த பிறகு, கடலூரில் கரண்ட் இல்லை, போன் இல்லை, பஸ் இல்லை. ஒரு டயாலிஸிஸ் தவறிவிட்டது. மங்கம்மாவின் முகமும் காலும் வீங்கின. மூச்சு இழுத்தது. சிதம்பரத்தில் ஜெனரேட்டரில் மெஷின் ஓடுகிறது என்று யாரோ சொன்னார்கள். பூவரசன் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். ரோடு முழுக்க மரம். கார் எதுவும் நகராது. ஒவ்வொரு மரத்துக்கும் அவள் இறங்குவாள். கிளைக்குக் கீழே குனிந்து, மூச்சு வாங்கி நின்று, அந்தப் பக்கம் போவாள். அவன் ஓரத்துப் பள்ளத்தில் வண்டியை இறக்கி, முடியாத இடத்தில் வழியில் மரம் அறுத்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டுத் தூக்கிக் கடத்துவான். செம்பியன் போட்ட கம்பி வலை ஒரு கிளையில் மாட்டிக் கோணியது. “விடுங்க மாப்ள, திரும்பிடலாம்,” என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவனும் திரும்பிப் பார்த்து எப்படியிருக்கிறது என்று கேட்கவில்லை. தோளில் கை இருந்தது. அதுவே போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அவள் கோணிய வலையைப் பார்த்து, “இத மொதல்ல நிமுத்துங்க,” என்றாள்.

தன் தோப்பை அவள் பார்த்தது பொங்கலுக்குப் பிறகுதான். அதற்கும் பைக்கில்தான் வந்தாள். அவள் கணவன் வைத்த மரங்கள் எல்லாம் வேரை மேலே காட்டிக்கொண்டு கிடந்தன. வண்டியிலிருந்து இறங்காமல், ஒருபக்கமாக உட்கார்ந்தபடியே நெடுநேரம் பார்த்தாள். பிறகு, “கன்னு வச்சா எத்தினி வருஷத்துல காய்க்கும்னு தெரியுமா மாப்ள?” என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. மழைக்கு முன்பே ஆள் வைத்துத் தோப்பு முழுக்க ஒட்டுக் கன்று நட்டுவிட்டாள்.

*

சுடுகாடு ஊருக்கு வெளியே, தோப்புகளைத் தாண்டி இருந்தது. பறை முன்னே போக, ஆண்கள் நடந்தே கொண்டுபோனார்கள். எல்லாரும் தோள் மாற்றியபோது பூவரசனும் ஒரு மூலையில் தோள் கொடுத்தான். அவனுக்குக் கொஞ்ச தூரம்தான் கொடுத்தார்கள், சொந்தக்காரர்கள் நிறையப் பேர். பாடை அவ்வளவு லேசாக இருந்தது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. வண்டியில் அவள் இருக்கிறாள் என்பது எப்போதும் தெரியும்.

அன்பரசுக்குத் தலையும் மீசையும் மழித்தார்கள். கொள்ளி வைத்தான். திரும்பிப் பார்க்காமல் வரச்சொல்லிக் கூட்டிவந்து, அருகிலிருந்த போர் மோட்டார் தொட்டியில் குளிக்க வைத்தார்கள். எல்லாரும் தலை முழுகிவிட்டு ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். மதிய வெயில் செம்மண்ணில் ஏறியிருந்தது. செருப்பில்லாத அன்பரசு நாலு எட்டு வைத்துவிட்டு நின்றான். காலையிலிருந்து வெறுங்காலோடு நடந்ததில் உள்ளங்கால் கொப்பளித்துப் போயிருந்தது. முந்தின நாளிலிருந்து சாப்பிடவும் இல்லை.

பங்காளிப் பெரியவர் சுப்புராயன் அதைக் கவனித்தார். “மாப்ள, வண்டி ஊர்லதானே நிக்குது? போயி எடுத்தாங்க. இவன் நடக்க மாட்டான்.”

பூவரசன் ஊருக்குள் போய் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, தொட்டி ஓரத்தில் அன்பரசு மட்டும் நின்றிருந்தான். மழித்த தலையில் நீர் முத்து முத்தாக நின்றது. முகம் மீசையில்லாமல் சின்னப் பையனுடையது போல இருந்தது. நனைந்த வேட்டி தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஏறுங்க மச்சான்.”

அன்பரசு பைப்பைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் போடப் பார்த்தான். ஈர வேட்டி விடவில்லை. மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொரு முறை தூக்கினான். அவிழ்ந்துவிடும் போலிருந்தது. அவிழாமல் பிடித்துக்கொண்டு நின்றான். சுற்றிலும் யாரும் இல்லை. பிறகு அவன் தகட்டின்மேல் காலை வைத்து, ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தான். இரண்டு பாதத்துக்கும் அந்தத் தகட்டில் இடம் போதவில்லை. ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக்கொண்டான்.

பூவரசன் கிளட்ச்சை மெல்ல விட்டான். மண் பாதை முடிந்து, தோப்புக்கு நடுவே போகும் தார் ரோட்டில் வண்டி ஏறியது. ஈரத்தலையிலிருந்து சொட்டிய நீர் அவன் முதுகில் பட்டது. நேற்றுச் சொன்னதைப் பற்றி மச்சான் பேசுவான் என்று எதிர்பார்த்தான்.

மங்கம்மாவின் தோப்பு முனையை நெருங்கும்போதுதான் அன்பரசு வாயைத் திறந்தான்.

“இப்படி ஒக்காந்தா ரோடே தெரிய மாட்டேங்குது மாப்ள.”

“ஆமா.”

“தோப்புதான் தெரியுது.”

பூவரசன் ஒரு கியரைக் குறைத்தான். வலதும் இடதும் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தே ஓட்டினான். மச்சான் முகம் திரும்பியிருந்த பக்கத்தில், முட்டி உயரம் வளர்ந்த முந்திரிக் கன்றுகள் செம்மண்ணில் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றாகக் கடந்து போய்க்கொண்டிருந்தன.